நூற்றுத் தொண்ணூற்றொன்பது

மாவட்ட அலுவலகப் பட்டியலில் அது
புள்ளி நாப்வீட். ஒழிக்க வேண்டியது.
என் தங்கை டெக்லா விற்கும் தேன்சீசாவில்
அதே செடி 'நட்சத்திர முள்'.
முள்ளே கிடையாது அதில்.
பெயர் வைத்தவருக்கு விற்கத் தெரிந்திருக்கிறது.

மிச்சிகனின் வடக்கே, ஏரிக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே,
கைவிட்ட சரளைக் குழி.
ஜூலைக் கடைசியில் க்ளோவர் கருகிவிடும்,
புல் நின்றபடியே வைக்கோலாகும்.
அந்த நேரம் பார்த்துப் பூக்கும் இது,
இளஞ்சிவப்பா ஊதாவா என்று
இன்னும் முடிவெடுக்காத ஒரு நிறத்தில்.
பூவடிச் செதில்களில்
பேனா முனை பட்டதுபோல் கருப்பு.

யாருடைய மூட்டையிலோ,
குதிரைமசால் விதையோடு விதையாக
கப்பலேறி வந்ததாம்.
நம்ம குடும்பம் மட்டும் என்ன, அழைத்தா வந்தது
என்பாள் டெக்லா
நான் கையுறை மாட்டும்போதெல்லாம்.

சாறு பட்டால் தோல் அரிக்கும்.
ஆணிவேர். மழைக்கு மறுநாள் மட்டும் முழுசாய் வரும்,
மற்ற நாளில் கழுத்தோடு முறிந்து
மிச்சத்தைக் கீழே வைத்துக்கொள்ளும்.
மணிக்குப் பதினெட்டு டாலர். ஆறு கோடை பிடுங்கினேன்.
மண்ணுக்குள் என்னைவிடப் பொறுமையாய்
விதைகள் படுத்திருக்கின்றன.
மான் முகர்ந்துவிட்டு நகரும். மாடு தொடாது. அவ்வளவு கசப்பு.

ஆனால் பூச்சிகளுக்குத் தெரியாதே கசப்பு.
ஒரே ஒரு பூவைப் பார்த்தபடி
மதிய ரொட்டியைத் தின்று முடித்தேன் ஒருநாள்.
வயிறெல்லாம் மகரந்தம் அப்பிய பம்பிள் தேனீ
வந்து உட்கார்ந்ததும் காம்பு வளைந்து தரையைத் தொட்டது.
அது எழும்ப,
ஆரஞ்சு வண்டுகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று,
தின்பதையும் நிறுத்தாமல்.
மெக்சிகோ போகும் வழியில் ஒரு மோனார்க்
நாக்கின் சுருளை அவிழ்த்து நெடுநேரம் நின்றது.
அடுத்த பூவில் வெள்ளை நண்டுச் சிலந்தி
கைகளை அகல விரித்து
வரவேற்பதுபோல்.
நடுநடுவே டெக்லாவின் தேனீக்கள்.
அவற்றை எனக்குத் தெரியும், அவளுடைய அவசரம்.

வராததையும் சொல்ல வேண்டும்.
இந்த மேட்டில் லூபின் இருந்த காலத்தில்
அதன் இலையை மட்டுமே நம்பி
கட்டைவிரல் நகமளவு நீலப் பட்டாம்பூச்சி ஒன்று இருந்தது.
பழைய கணக்கெடுப்பில் எழுதியிருக்கிறது.
நான் பார்த்ததில்லை.
விருந்துக்கு வந்தவர்களை எண்ணுவது சுலபம்.

இந்த ஆகஸ்டில் தபாலில் ஒரு பெட்டி.
ஐஸ் பைகளுக்கு மேல் மூடி போட்ட காகிதக் கோப்பைகள்.
உள்ளே கூன்வண்டுகள், மொத்தம் இருநூறு,
சாம்பலில் புரண்டெழுந்தவை போல.
பறக்காதாம். நடக்கும்.
வேரடியில் முட்டை வைக்கும்,
புழு வேருக்குள் குடியேறும்,
மீதியைக் குளிர்காலம் பார்த்துக்கொள்ளும்.
விடவேண்டிய இடம்: சரளைக் குழி.
குழியின் விளிம்பில்
டெக்லாவின் முப்பத்தாறு தேன்பெட்டிகள்.

முகவலையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தாள்.
நான் கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
புகைக்குவளையை மணலில் வைத்தாள்.
அது பாட்டுக்குப் புகைந்தது.

"இவைதானா?"
"ம்."
"எத்தனை வருஷம் ஆகும்?"
"பத்து. பதினைந்து. ஆகாமலும் போகலாம்."
"அப்புறம் இங்கே என்ன பூக்கும்?"
வண்டியில் விதை மூட்டை இருக்கிறது என்றேன்,
லூபின், காட்டுப் புதினா, இன்னும் நாலைந்து.
முளைக்குமா என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.

வண்டு ஒன்று அவள் கையுறைமேல் ஏறியது.
மடிப்பு மடிப்பாய்த் தாண்டி
மணிக்கட்டு வரை போகவிட்டாள்.
பிறகு கட்டைவிரலால், நிதானமாக, அழுத்தினாள்.
உலர்ந்த சின்னச் சத்தம்.

"மொத்தம் எத்தனை?"
"இருநூறு."
"நூற்றுத் தொண்ணூற்றொன்பது"
என்றபடி வலையை இறக்கிக்கொண்டாள்.

படிவத்தில் இருநூறு என்றே எழுதினேன்.

மறுநாள் காலை ரொட்டியில் தடவியது
அவள் கொடுத்த தேன்தான், இந்த வருஷத்து முதல் சீசா.
வெளிர் நிறம்.
கசப்பு துளியும் இல்லை.