நான்கு விரல் இடைவெளி

பாஸ்தோவில் அன்றிரவு எரிமலை புகையவில்லை.
மூன்றாம் மாடி அறுவை அரங்கில் மணி இரண்டு இருபது.
எலியேசர் போட்டினாவின் வயிற்றைத் திறந்ததும்
முகக்கவசத்தைத் தாண்டி வந்தது வாடை.
பெருங்குடலில் ஒரு பொத்தல், பட்டாணி அளவு.
வாயுத்தொல்லை என்று சோம்புத் தண்ணீர் குடித்தே
நான்கு நாள் ஓட்டியிருக்கிறான் மனிதன்.

கெட்டதை வெட்டினோம். கழுவினோம்,
வெதுவெதுப்பான உப்புநீர் பத்து லிட்டர்.
உறிஞ்சுகுழாயில் மஞ்சள், பிறகு சாம்பல்,
ஒருவழியாகத் தண்ணீரின் நிறம்.
டாக்டர் யோலிமா சமோரோ இரு ஓரங்களையும் இழுத்துப் பார்த்தார்.
சேரவில்லை.
"வம்பாகச் சேர்த்தால் சிறுநீரகம் நின்றுவிடும்."

வேக்யூம் கருவிக்கு அந்த மாதம் பணமில்லை.
சலைன் பையொன்றை வெட்டி விரித்துக் கொடுத்தேன்.
சுற்றிலும் தோலோடு தைத்தார்.
மலிவான ஜன்னல்;
உள்ளே குடல் நெளிந்தது, எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லாமல்.
ஐசியூவில் அவன் மனைவி நுபியா
குனிந்து பார்த்தாள். அழவில்லை.
"இவ்வளவு நீளமா" என்றாள்.

நான் எண்ணுகிறவள்.
கத்தி, இடுக்கி, ஊசி, துணி.
இரண்டாம் முறை இருபது உள்ளே போய்
பத்தொன்பது வெளியே வந்தது.
பதினோரு நிமிடம் ஒருவரும் பேசவில்லை.
இருபதாவது, டாக்டரின் செருப்பில் ஒட்டியிருந்தது.

பிறகு வலை.
இரு ஓரங்களுக்கும் நடுவே வலையைத் தைத்து
இரண்டு நாளுக்கொருமுறை நடுவில் கொஞ்சம் வெட்டி,
கொஞ்சம் இறுக்கி.
ஒட்டிய குடலை ஈரவிரலால் பிரிப்பார்,
தூங்கும் குழந்தைக்கு அடியிலிருந்து
போர்வையை உருவுவதுபோல.
கிழிந்தால் அவ்வளவுதான்.
பதினான்கு சென்டிமீட்டர். பதினொன்று. ஏழு.
அடுத்த முறையும் ஏழு.
அன்று காய்ச்சல், கல்லீரலுக்குக் கீழே புதிதாய்ச் சீழ்.
டாக்டர் சுவரைப் பார்த்து நின்றார்.
நான் உப்புநீரைச் சூடாக்கப் போனேன்.

பதினேழாம் நாள் ஓரங்கள் தொட்டுக்கொண்டன.
சிறு சிறு தையல்,
அரை சென்டிமீட்டர் தள்ளி, அரை சென்டிமீட்டர் உள்ளே,
தசையை விட்டு உறையை மட்டும் கவ்வி.
வெட்டின் நீளம் இருபத்து நான்கு;
மிச்ச நூலை அளந்து கழித்தேன்:
செலவானது நூற்று நான்கு. போதும்.
தோலை மூடவில்லை.

குழாய்கள் போன பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.
"மேலே ஏன் விட்டுவிட்டீர்கள்?"
"சீழ் கட்டினால் வெளியே வர வழி வேண்டும்."
அவன் யோசித்தான்.
உருளைக்கிழங்குச் சந்தையில் மூட்டைவாய் தைப்பவனாம்.
"ஈரக் கிழங்கென்றால் நானும் நான்கு விரல் விட்டுத்தான் தைப்பேன்.
ஏமாற்றுகிறேன் என்று வியாபாரி திட்டுவான்."
கொஞ்சம் மூச்சு வாங்கி,
"எனக்கு மூட்டைக்கு இருநூறு பேசோ.
உங்களுக்குத் தையலுக்கு எவ்வளவு?"

இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை.
டாக்டர் சொல்லவில்லை, சிரித்தார்.
நான் பழைய துணிகளை எடுத்தேன், மூன்று.
புதியவற்றை வைத்தேன், மூன்று.
எழுதிக்கொண்டேன்.