இரைச்சல் நீக்குதல்

ரோலாவில் ஆறு மாடி.
எழுபத்தெட்டில் கட்டியது, மார்ச்சில் இடிக்கிறார்கள்.
அதற்குள் அளந்துவிடச் சொன்னார் ஷம்மா.
முக்காலியில் சுழலும் லேசர்
மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
வெயில் தாங்காமல் இரண்டு முறை அணைந்துபோனது.
ஒன்பது நாள். நாற்பது கோடிப் புள்ளிகள்.
திரையில் கட்டடம்
சலித்த மாவுபோல் மிதந்தது.

என் வேலை இரைச்சல் நீக்குவது.
லேசர் ஒரு சுற்று முடிப்பதற்குள்
குறுக்கே நடப்பவர்கள்
சாம்பல் தீற்றலாய் விழுவார்கள்.
சுவர் நிற்கும், ஆள் நிற்கமாட்டார்.
கட்டம் போட்டுப் பிடித்து அழிப்பேன்.
கரக் டீயோடு ஓடிய குஞ்ஞாப்பு, முழங்கால் வரை.
சலவைக்கடை மாரிவிக்கின் தோள்,
அதில் தொங்கும் யார் யாருடையவோ சட்டைகள்.
மூன்றாம் மாடியில் ஒரு பூனை,
ஐந்து வால்.

பன்னிரண்டு பேர் அறையில்
பன்னிரண்டு பேரும் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார்கள்.
கட்டில்கள் மட்டும்
மில்லிமீட்டர் பிசகாமல்.

சுத்தம் செய்த கோப்புக்குள்
ஷம்மா ஒரு மணி நேரம் திரிந்தார்.
அபாயாக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
படியேறினார், கூரையைக் கழற்றினார், மாட்டினார்.
பிறகு கேட்டார்,
அழித்ததெல்லாம் எங்கே?

எங்கள் எழுத்தில் புள்ளி வைத்தால்
உயிர் இல்லையென்று அர்த்தம், மெய் மட்டும்,
என்று ஏதோ உளறினேன்.
எங்கள் எழுத்தில்
கீழிருக்கும் புள்ளி மேலே போனால்
சொல்லே வேறு, என்றார்.
குப்பைத்தொட்டியைத் திற.

கண்காட்சியில் கட்டடம் இல்லை.
பணம் கொடுத்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.
பழைய கிடங்கொன்றின் இருட்டில்
இல்லாத படிகளில் கால்கள் ஏறின.
இல்லாத கதவை ஒரு முழங்கை தள்ளியது.
பூனை ஐந்து வாலோடும் வந்தது.
வெள்ளிக்கிழமை, குளித்துத் தலை வாரி
குஞ்ஞாப்பு வந்தார்.
தன்னைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து
'ஃபிளாஸ்க் என்னோடது' என்றார்.
வேறெதுவும் பேசவில்லை,
மூன்று முறை சுற்றி வந்தார்.

எல்லாரும் போனபின் என்னைத் தேடினேன்.
ஒரு விரல், ஒரு செருப்பு?
முக்காலியின் காலடியில்
லேசருக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு.
அறுபத்துநான்கு இடங்களிலும்
அதற்குள்தான் குந்தியிருந்தேன்,
படத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று
முழங்காலைக் கட்டிக்கொண்டு.