சமக்குறி

அறுபத்தொரு சிறுநீரகக் கட்டிகள்.
மெழுகில் உறைந்து இழுப்பறையில் கிடந்தவற்றைச்
சீவியெடுத்துக் கரைத்து
ஒரே ஒரு மரபணுவிடம் கேட்டோம்:
எவ்வளவு உரக்கப் பேசுகிறாய்?

எல்லா உடம்பிலும் அதே மரபணுதான்.
ஓர் எழுத்துகூட மாறவில்லை.
சிலரில் முணுமுணுக்கிறது.
சிலரில், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில்
பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி கட்டின மாதிரி.

உரத்தவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள்
என்பது எங்கள் ஊகம்.
அதை வரைபடமாக்க
யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியவேண்டும்.
மூன்று நாளாகத் தொலைபேசியும் நானும்.

ஆயர் ஈத்தாமில் ஒரு மருமகள்
"போன தீவாளிக்கு முந்தின வாரம்" என்று சொல்லிவிட்டுப்
பிள்ளையை அதட்டப் போனாள்.
கோடு ஒரு படி இறங்கியது.
ஜெலுத்தோங் எண்ணில் பதிவுசெய்த பெண்குரல்,
சேவையில் இல்லை என்று மலாயில்.
அதற்குப் படி கிடையாது.
கோட்டின்மேல் சின்னக் கீறல் போடுவோம்.
இறந்தார் என்றில்லை;
எங்கள் கண்ணிலிருந்து போனார்.

பட்டர்வொர்த்தில் முதல் மணியிலேயே எடுத்தார்.
அங்கமுத்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்
காது பாதி போனவர்.
"யாரு, ஆஸ்பத்திரியா? பசியாறியாச்சா?"
கைபேசியை ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன்.
இடது சிறுநீரகத்தை எங்களிடம் விட்டுவிட்டு
ஆறு வருஷமாக வலதோடு காலந்தள்ளுகிறாராம்.
உப்பைக் குறைத்தாயிற்றாம்,
கருவாட்டைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாதாம்.
"ஏம்மா, அந்த ஆராய்ச்சியில
எனக்கு என்ன போட்டிருக்கு?"

தனி ஆளுக்குச் சொல்லக்கூடாதென்பது விதி.
படிவத்தில் அவரே கையெழுத்திட்டிருக்கிறார்,
கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரின் கையெழுத்து.

விதி இல்லாவிட்டாலும் சொல்ல என்ன இருந்தது?
தாழ்விலிருந்து உயர்வாக அடுக்கினால்
நட்டநடுவில் நிற்பவர் அவர்.
இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர்.
அந்த இடத்தில் வெட்டித்தான் இரண்டு கோடுகள்:
ஒன்று நிதானமாக இறங்கும்,
மற்றது சரியும்.
நிரலில் நான் சமக்குறியை எந்தப் பக்கம் வைக்கிறேனோ
அந்தக் கோட்டில் அங்கமுத்து.

உரத்தவர்களோடு சேர்த்தேன்.
சரிகிற கோட்டின் ஓர் ஓரத்தை
அவர் ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்தார்.
பி மதிப்பு 0.06.
முணுமுணுப்பவர்களோடு சேர்த்தேன்.
கோடுகள் விலகின. 0.04.
கட்டுரை ஆகிவிடும். டாக்டர் ரொஹானா
எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தருவார்.

ஜன்னலில் மழை. பாலம் தெரியவில்லை,
அக்கரை இருப்பதாகத்தான் வைத்துக்கொள்ளவேண்டும்.

மறுபடியும் உரத்த பக்கமே வைத்தேன்.
ஆய்வுத் திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்,
பக்கம் ஒன்பது,
யாருடைய குரலையும் கேட்பதற்கு முன்பு.

காதில் இன்னும் அவர் சத்தம்.
அடுத்த எண் சுங்கை ஆரா.
மணி போகிறது.