நிகழ்கால இடைநிலை

பென்னாகரம் பஸ் நிலையத்தில்தான் முதலில் தெரிந்தது.
பஸ் புளியமரத்தடியில் இருந்தது.
பிறகு என் மூக்குக்கு நேரே இருந்தது.
இரண்டுக்கும் நடுவே
அது வரவே இல்லை.
பூக்காரம்மா சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டாள்.
திட்டியதில் பாதி எனக்கு, பாதி டிரைவருக்கு.

அதற்கு முந்தைய வாரம் தலைவலி என்று படுத்து
தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறந்தேன்.
பெயர் சொன்னேன்: மாதையன்.
தொழில்: ஒகேனக்கலில் எண்ணெய் தேய்ப்பது.
விரல் எண்ணினேன், நிறம் சொன்னேன்.
பார்வை நன்று என்று எழுதி அனுப்பினார்கள்.

இரண்டாம் முறை போனபோது
டாக்டர் தில்ஷாத் படத்தை விளக்கின்மேல் மாட்டினார்.
காதுக்குப் பின்னால், சற்று மேலே,
இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று,
புளியங்கொட்டை அளவில் கறுப்பு.
நிறத்துக்கு ஓர் இடம், முகத்துக்கு ஓர் இடம்,
அசைவுக்கு இது, இது மட்டும் போயிருக்கிறது என்றார்,
எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் இருட்டு என்று
லைன்மேன் சொல்வதுபோல.

நாற்பத்தாறு வருஷம்
தண்ணீர் விழுகிறது, கண் வாங்கிக்கொள்கிறது,
அவ்வளவுதான் என்றிருந்தேன்.
யாரோ உள்ளே உட்கார்ந்து
கூலி கேட்காமல்
அதை விழவைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மோனிஷா பத்தாம் வகுப்பு. சத்தம் போட்டுத்தான் படிப்பாள்.
கிறு, கின்று, ஆநின்று. நிகழ்கால இடைநிலைகள் மூன்று.
அந்த மூணும்தான் பாப்பா எனக்குப் போயிடுச்சு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
நோட்டில் வருகிறான் என்று எழுதி, நடுவில் அடித்தாள்.
வரு.
ஆன்.
இடையில் இருந்த கறையையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேய்ப்பதற்குக் கண் வேண்டாம்.
தோள்பட்டையில் கட்டைவிரல் வைத்தால்
சதை நகர்வது விரலுக்குத் தெரிகிறது.
அது வேறு கம்பத்து லைன் போலிருக்கிறது.
கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றும்போதுதான் தகராறு:
அரைக் கிண்ணம் இருந்தது,
அப்புறம் என் காலில் இருந்தது.

கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. புகையும் கல்.
எனக்குக் கல் மட்டும் மிச்சம்.
புகை, பஞ்சை ஒட்டிவைத்தது மாதிரி.
பாலத்தடியில் அருவிப் படம் பிரேம் போட்டு விற்கிறார்கள்.
வாங்குகிறவர்கள் எல்லாம், எப்படிக் கொட்டுது பாருங்க என்கிறார்கள்.
காகிதத்தில் ஒரு சொட்டும் கொட்டவில்லை.
நோய்ச்சீட்டு என் பேரில்.

அருவி போனதுகூடப் பரவாயில்லை.
சின்ன வயதில் ஓர் ஆட்டம் உண்டு எங்களுக்கு.
விழும் தண்ணீரையே நூறு எண்ணும்வரை பார்த்துவிட்டு
சட்டென்று பக்கத்துப் பாறைக்குக் கண்ணை மாற்றினால்
பாறை மேலே ஏறும்.
இடத்தை விட்டு நகராமல் ஏறும்.
வயிற்றுக்குள் என்னவோ செய்யும்.

இதைச் சொன்னதும் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.
கீழே போவதைப் பார்க்கச் சில செல்கள்,
மேலே போவதைப் பார்க்கச் சில, எப்போதும் கயிறு இழுத்தபடி.
அருவியைப் பார்த்துப் பார்த்து ஒரு பக்கம் களைத்துவிடும்.
மறுபக்கம் பாறையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்ப பாறை ஏறினது பொய்யா?
பொய்தான்.
அருவி விழுந்தது?
அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து
டீயை எடுத்துக் குடித்தார்.

நேற்று வெள்ளம். பரிசலை நிறுத்திவிட்டார்கள், ஆள் வரத்து இல்லை.
பச்சியப்பனை இழுத்துக்கொண்டு கம்பி வேலி ஓரம் நின்றேன்.
நூறு எண்ணினோம்.
பாறை, பாறையாக இருந்தது.

ஏறுதாடா?
ஏறுதுண்ணா.
எவ்வளவு?
கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நின்னுடுச்சு.

மறுபடி எண்ணு, என்றேன்.