அடிவாரக் கடையில் அதிமதுரம்

கயிற்று நுனியில் கங்கு.
காலை ஐந்தரைக்குப் பற்றவைத்தால்
கடைசி வண்டி இறங்கும்வரை
ஒரு முழம் எரியும்.
என் வருமானத்தை அந்தக் கயிற்றிலேயே அளந்துவிடலாம்.

கரியபெருமாள் முதல் நடைக்கு முன்பு ஒன்று,
இறங்கி வந்ததும் ஒன்று.
ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி,
அவர் நெஞ்சுக்கு இருபத்தொன்று.
மூன்றாவது வளைவில்
ஹாரனுக்கு முன்னால் டிரைவர் இருமல் கேட்கும் என்று
கண்டக்டர் சொல்லிச் சிரிப்பார்.
சிரிப்புக்கு நானும் சேர்ந்துகொள்வேன்,
சில்லறை கொடுத்தபடி.

ஆடியில் ஒரு விடியற்காலை
நீட்டிய கையை அவரே மடக்கிக்கொண்டார்.
"வாயில போட வேற ஏதாச்சும் குடும்மா."
கேட்ட விதம்
கடன் கேட்பதுபோல் இருந்தது.

வேறு ஏதாச்சும்.
வீட்டு அஞ்சறைப்பெட்டியைத்தான் துழாவினேன்.
கிராம்பு கொடுத்தேன்,
நாக்கு வெந்து திரும்பினார்.
சுக்கு கொடுத்தேன்,
வளைவுக்கு வளைவு ஜன்னலுக்கு வெளியே துப்பியிருக்கிறார்.
பின்சீட்டில் இருந்த எஸ்டேட் அம்மா
பணிமனையில் எழுதியே கொடுத்துவிட்டாராம்.
ஓமம் வேண்டாம்,
பிள்ளை பெற்ற வீட்டு வாசனை என்றார்.
உப்பிட்டுக் காயவைத்த நெல்லிக்காய்
ஒரு வாரம் தாங்கியது.

பதினோராம் நாள் என்று நினைக்கிறேன்.
பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க
அவருடைய வலது கை
கடைப் பலகையில் தாளம் போட்டது.
இரண்டே விரல்.
நடுவில் ஒரு சிகரெட் கனத்துக்கு இடம் விட்டு.
வாய்க்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும்,
பசித்தது விரலுக்கு.

செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கெடுக்கப் போனவள்
நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் கேட்டேன்.
"சளிங்களா?"
"இல்லீங்க, ஒரு டிரைவரு."
பொட்டலம் கட்டியவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"பிரஷர் இருந்தா ரொம்ப மெல்ல வேண்டாம்னு சொல்லுங்க."
ஐம்பது கிராம், நாற்பது ரூபாய்.
விரல் நீளத்துக்கு நறுக்கியதில்
பதினேழு துண்டும் கொஞ்சம் தூளும்.

காலையில் ஒன்று கடித்தால்
மேலே போய் வருவதற்குள்
வேப்பங்குச்சிபோல் நார் பிரிந்து
இரண்டு விரலுக்கு நடுவே நிற்கும்.
கியர் மாற்றும்போது காதில் சொருகிக்கொள்வாராம்.

ஐப்பசி மழையில்
பதினான்காம் வளைவில் மரம் விழுந்து
மூன்று மணி நேரம் நின்றது வண்டி.
இறங்கி வந்தவர்
ஒன்றும் சொல்லாமல் காசை வைத்தார்.
ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.
வியாபாரம்.
கயிற்றை இழுத்தார். பற்றியது.
அட்டையில் அச்சடித்த அழுகிய வாயைப் பார்த்தபடி
மீதியை இரண்டு தரம் எண்ணினேன்,
அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க.
பாதியில் நசுக்கிவிட்டு
எங்கே போடுவதென்று தெரியாமல்
ஈரச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் குச்சி கேட்டார்.
அதற்கு மறுநாளும்.
தை பிறந்தபோது
மூன்றாவது வளைவிலிருந்து
ஹாரன் மட்டும் கேட்டதென்று
கண்டக்டர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.
நாளைக்கு எட்டு சிகரெட்,
ஒன்றுக்கு ஒரு ரூபாய் எனக்கு நிற்கும்.
மாதம் இருநூற்று நாற்பது போயிற்று.
குச்சியில் நின்றது பதினெட்டு.
நோட்டைப் புரட்டிய என் வீட்டுக்காரர்
"உனக்கென்ன கிறுக்கா" என்று கேட்டார்.
கேட்டுக்கொண்டே பெட்டியிலிருந்து
எந்தக் கணக்கிலும் வராத ஒன்றை உருவிக்
கயிற்றிடம் குனிந்தார்.

குச்சி பாட்டிலைக்
கயிறு தொங்கும் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.
மூடியைக் கொஞ்சம் தளர்த்தியும்.