இருந்திருக்கலாம்

சிக்பேட்டையில் இர்ஷாத் கேட்டார்:
பந்தலுக்கா, ஷாமியானாவுக்கா?
ரோமாபுரிக்கு என்றேன்.
அவர் அசரவில்லை.
ரோமாபுரிக்கு எத்தனை மீட்டர்?

இருபத்திரண்டு. சாயம் ஏறாத லினன்.
ஓரத்து இழை ஒன்றை உருவி
கடை வாசலிலேயே கொளுத்திப் பார்த்தேன்.
காகிதம் எரிந்த வாசம், விரலில் சாம்பல்.
உருகி உருண்டையாகியிருந்தால்
அங்கேயே விட்டு வந்திருப்பேன்.

வார நாட்களில் நான் கணக்குத் தணிக்கை செய்பவள்.
ரசீது இல்லாத டீக்கும்
சிவப்பு மையில் கேள்விக்குறி போடுகிறவள்.
ஞாயிறுகளில், ரசீதே எழுதாமல் போன
ஒரு கூட்டத்துக்கு நிழல் தைக்கிறேன்.

படைவீரன் கூடாரத்துக்குச் சான்று உண்டு.
சேற்றில் மக்காமல் கிடந்த ஆட்டுத்தோல்,
தையல் துளைவரை எண்ணி வைத்திருக்கிறார்கள்.
மற்றவர்கள்?
கொண்டைக்கடலை விற்றவள், செருப்புக்கு வார் போட்டவன்,
வேடிக்கை பார்க்க வந்து மண்டை காய்ந்தவர்கள்
எதன் கீழ் நின்றார்கள்?
ஒரு சுவரோவியத்தின் மூலையில்
இரண்டு கழி, தொய்ந்த துணி, முகம் அழிந்த யாரோ.
அவ்வளவுதான் வவுச்சர்.

எங்கள் நோட்டில் அதனால் மூன்று பத்தி.
இருந்தது.
இருந்திருக்கலாம்.
இருந்திருக்காது.
நடுப்பத்தி மட்டும் நிரம்பி
அடுத்த பக்கத்துக்கு வழிந்துகொண்டே இருக்கிறது.

பித்தளை வளையம் இருந்திருக்காது.
துளையிட்டு, சுற்றிலும் நூலோட்டிய கண் இருந்திருக்கலாம்.
முப்பத்தாறு கண்கள். ஒன்றுக்கு இருபது நிமிடம்.
இந்திராநகர் மெட்ரோவில் நின்றபடி ஏழு,
மார்ச் கடைசி வாரம் மேசைக்கடியில் நான்கு.
காவிக்கோடு போடலாமா என்று ஒரு மாதம் வாதாடி
போடவில்லை.
மூங்கில் வைக்கலாமே என்ற நஞ்சுண்டாவோடு
மூன்று நாள் பேச்சில்லை.
சவுக்குக் கழி வாங்கினோம். பிறகு படித்தேன்:
சவுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரமாம்.
பட்டையைச் சீவிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றாள் தெபோரா.
எனக்குத் தெரியும்.
அடிக்குறிப்பில் எழுதினேன்: விலக்கு, ஒன்று.

அக்டோபர். காக்ஸ் டவுன் பள்ளி மைதானம்.
மண்விளக்கு, களிமண் சாடி, மிளகு ஒரு கூடை,
அங்கியின் மடிப்பைப் பிடித்தபடி நடக்கத் தெரியாத நாங்கள்.
நான்கு மணிக்கு, பெங்களூரின் வழக்கப்படி,
கேட்காமல் மழை.

உள்பக்கம் தொடாதீர்கள் என்று கத்தினேன்.
நனைந்த லினன் இழை பருத்துத் தானே அடைத்துக்கொள்ளும்,
விரல் பட்ட இடத்தில் மட்டும் ஒழுகும்.
யாரோ ஒரு பையன் உடனே தொட்டான்.

அப்போது கேட்டுக்கு வெளியே இருந்தவள்
கூடையோடு உள்ளே ஓடி வந்தாள்.
முனிலட்சுமி. வறுத்த வேர்க்கடலை, பொட்டலம் பத்து ரூபாய்.
வேர்க்கடலை இருந்திருக்காது என்று
பாழாய்ப்போன என் மூளை உடனே சொன்னது.
அவள் யாரையும் பார்க்கவில்லை.
கயிறுகளை ஒரு நோட்டம் விட்டாள்.
நனைஞ்சா இழுக்கும், முளையைப் புடுங்கிடும் என்று
பாதி தனக்கே சொல்லிக்கொண்டு
மூன்று முடிச்சைத் தளர்த்தினாள்.
ஒரு மூலையைச் சாய்த்தாள்.
அதுவரை நடுவில் தேங்கிக் கனத்த தண்ணீர்
ஒரே பக்கமாய் இறங்கி ஓடியது.
பிறகு குத்த வைத்து உட்கார்ந்து
முந்தானையால் கூடையை மூடிக்கொண்டு
வானத்தைத் திட்டினாள்.

வந்திருந்தவர்களின் கேமராக்கள்
எங்கள் அங்கிகளை விட்டு அவள் பக்கம் திரும்பின.
இரண்டு கழி. தொய்ந்த துணி. யாரோ ஒருவர்.

நோட்டைத் திறந்தேன்.
பக்கம் ஈரம், பேனா ஓடவில்லை.
ஓடியிருந்தாலும் எந்தப் பத்தியில் என்று தெரியவில்லை.
இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

மொட்டை மாடியில் துணி காய மூன்று நாள்.
கீழ்வீட்டு செரியன் ஏறி வந்து
யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போனார்.
மடிக்கும்போது பார்த்தேன்,
ஓரத் தையலுக்குள் ஒட்டிக்கொண்டு
சிவப்பாய் ஒரு கடலைத்தோல்.
ஊசிமுனையால் எடுத்துவிடலாம்.
விட்டுவிட்டேன்.
என்றைக்காவது தோண்டுகிறவர்கள்
கொஞ்சம் குழம்பட்டும்.