பதினெட்டாவது வரி

சத்தூர்னினோவின் கடைக்கு
அந்தக் குளிர்பெட்டி இலவசமாக வந்தது.
நான்கு பேர் இறக்கினார்கள்,
வாசல் ஓரத்தில் கொஞ்சம் காரை பெயர்ந்தது.
சிவப்பு. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம்.
இரவில் அதன் வெளிச்சத்தில்தான்
அவர் மகள் வீட்டுக்கணக்குப் போடுகிறாள்.

இலவசம் என்ற சொல்லுக்குக் கீழே
பொடி எழுத்தில் பதினேழு வரி.
வேறு எவர் புட்டியும் உள்ளே இருக்கக் கூடாது.

நான் நிக்கனோரா.
கொச்சபம்பாவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால்
எனக்கு மூன்று அண்டா, மூடி அடிக்கும் இயந்திரம் ஒன்று,
சனிக்கிழமை சம்பளத்துக்கு ஐந்து பேர்.
உலர்ந்த பீச் பழத்தை ராத்திரி ஊறவைத்து
பட்டை கிராம்பு போட்டுக் கொதிக்கவிட்டு
புட்டிக்கு ஒரு கொட்டை விழுகிற மாதிரி நிரப்புவோம்.
நன்றாக இருக்கும். நானே சொல்லக் கூடாது.
ஆனால் வெதுவெதுவென்று அதைக் குடிக்கிறவன்
கொட்டையோடு என்னையும் சேர்த்துத் துப்புவான்.

சர்க்கரையை அவர்கள் ஆலையில் பேசி வாங்குகிறார்கள்,
நான் சந்தையில், மூட்டைக்காரன் சொன்ன விலைக்கு.
எனக்குப் புட்டி தந்த ஆலையையும்
போன வருஷம் அவர்களே வாங்கிவிட்டார்கள்.
"உங்க ஆர்டர் சின்னதும்மா,
அடுத்த மாசம் பார்க்கலாம்."

சத்தூர்னினோ நல்லவர்.
தண்ணீர் பாட்டில்களுக்குப் பின்னால்
என் புட்டிகளில் நாலை ஒளித்துவைத்தார்,
சம்சாரத்துக்குத் தெரியாமல் சிகரெட் வைக்கிற மாதிரி.
செவ்வாய்க்கிழமை வந்த மேற்பார்வையாளன்
முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்தான்.
கத்தவில்லை. போட்டோ எடுத்தான்.

அதற்குப் பிறகு என் சரக்கு தரையில்,
ஈரச் சாக்கு போர்த்தி.

அக்டோபரில் ஒரு நாள்
காலை பத்துக்குப் போன கரண்ட் வரவே இல்லை.
கண்ணாடிக்குள் அத்தனை புட்டியும் வியர்த்தன,
பிறகு வியர்ப்பதையும் நிறுத்தின.
சாக்குக்கடியில் என்னுடையது மட்டும்
ஏதோ கொஞ்சம் சில்லென்று.
மூன்று மணிக்குள் இருபத்திரண்டு போனது!
மேற்பார்வையாளனும் வந்தான், சட்டை முதுகோடு ஒட்ட.
ஒன்று வாங்கினான். நின்றபடியே குடித்தான்.
கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
"அருமை" என்றான்.
மீதிச் சில்லறைகூட வாங்கவில்லை.

அடுத்த மாதம் வந்த தாளில்
பதினெட்டாவது வரி:
பெட்டியிலிருந்து இரண்டு மீட்டருக்குள்
தரையிலும்.

நானும் சத்தூர்னினோவும் டேப் வைத்துப் பார்த்தோம்.
கடையின் நீளமே இரண்டரை மீட்டர்.
மிச்ச அரை மீட்டரில்
வாசல் இருக்கிறது.